அப்பாவின் ஓர்போர் மோட்டாருக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: ஐயா, என் அப்பா மொரிஷியஸில், ரிவியேர் தெ கிரெயோலில் மீன்பிடித் தொழில் செய்தவர். போன வருடம் காலமானார். பிரோக்கை, அதாவது அவருடைய மீன்பிடிப் படகை, உறவினர் ஒருவருக்கு அப்போதே கொடுத்துவிட்டோம். படகின் பின்னால் மாட்டும் ஓர்போர் மோட்டார் மட்டும் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. யமாஹா, 15 குதிரைசக்தி, டூ ஸ்ட்ரோக். தகட்டில் ‘ஈ15டிஎம்எச்எஸ்’ என்று இருக்கிறது. 2003-ல் புதிதாக வாங்கியது என்று அம்மா சொல்கிறார். ரசீது கிடைக்கவில்லை. அப்பாவோடு பல வருடம் கடலுக்குப் போன மாமா ஒருவர் வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். கிளம்பவில்லை. 12,000 ரூபாய் தருகிறேன் என்றார். சித்தி மகனோ 40,000-க்குக் குறைந்து கொடுக்காதே என்கிறான். ரியூனியனில் இருக்கும் அண்ணன், அதே கொட்டகை மூலையில் கிடக்கும் பழைய ஜான்சன் மோட்டார்தான் விலை போகும், பழம்பொருள் என்கிறார். அம்மாவுக்கு மாமா கேட்ட விலைக்கே கொடுத்துவிட ஆசை. நான் ரோஸ் ஹில்லில் ஆசிரியை. மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பாவின் பொருளை ஏமாந்து விற்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மோட்டார் மரத்தாங்கியில் நிமிர்ந்து நிற்கிறது. மூடியின் உள்பக்கம் எண்ணெய் தடவிய பளபளப்பு இன்னும் போகவில்லை. உங்கள் அப்பா பொருளைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த மனிதர் என்று அதிலேயே தெரிகிறது. அதனால் அவசரப்படாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் கழித்து விற்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

முதலில் மாமாவைப் பற்றி. அவர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொன்ன 12,000, ஓடாத மோட்டாருக்கான விலை. நீங்கள் அவருக்குக் காட்டியதும் ஓடாத மோட்டாரைத்தான். கிளம்பாத மோட்டாரை வாங்குகிறவர் உள்ளே எல்லாமே கெட்டுப்போயிருக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார். நானும் அப்படித்தான் போடுவேன். சித்தி மகன் சொன்ன 40,000, நேற்று வரை கடலுக்குப் போய்வந்த, வாங்கி நான்கைந்து வருடமே ஆன மோட்டாருக்கான விலை. இரண்டு பேரும் உங்கள் மோட்டாருக்கு விலை சொல்லவில்லை. அவரவர் மனதில் இருந்த வேறு மோட்டாருக்குச் சொன்னார்கள்.

உங்களிடம் இருப்பது எது என்று தகடு சொல்கிறது. தொடக்கத்தில் வரும் ‘ஈ’ என்பது எண்டூரோ வகை. கடும் உழைப்புக்காகச் செய்தது. ஆப்பிரிக்கக் கரையிலும் நம் தீவுகளிலும் மீனவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். 15 என்பது குதிரைசக்தி. ‘எம்’ என்றால் கையால் கயிறு இழுத்துக் கிளப்புவது, ‘எச்’ என்றால் பின்னால் உட்கார்ந்து பிடித்துத் திருப்பும் கைப்பிடி உள்ளது. கடைசியில் உள்ள ‘எஸ்’ குட்டைக்கால், தண்ணீருக்குள் இறங்கும் கால் 15 அங்குலம், ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். இதை வாங்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படகின் பின்பலகை 20 அங்குல உயரமாக இருந்தால் அவருக்கு இந்த மோட்டார் ஆகாது. அந்த மனிதரோடு அரை நாள் பேரம் பேசியும் பயன் இல்லை.

உள்ளே இரண்டு சிலிண்டர், 246 சிசி. எளிமையான இயந்திரம். பூஜி (ஸ்பார்க் பிளக்), இம்பெல்லர் (குளிர வைக்கும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரம்), கார்புரேட்டர் சாமான், கியர் சீல் (கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. பழைய மோட்டாரின் விலையைத் தாங்கிப் பிடிப்பது இதுதான். வயதை விட உதிரிப்பாகம் முக்கியம். உதிரிப்பாகம் கிடைக்கும் இருபது வருட மோட்டாரை, கிடைக்காத பத்து வருட மோட்டாருக்கு மேலாகவே நான் மதிப்பேன்.

இனி கணக்கு. புது மோட்டாரின் இன்றைய விலையில்தான் தொடங்க வேண்டும். போர்ட் லூயிலோ மஹேபூரிலோ கடையில் இதே 15 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் இன்றைக்கு என்ன விலை என்று போன் செய்து கேளுங்கள். அப்பா 2003-ல் கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். அதற்கும் இன்றைய மதிப்புக்கும் தொடர்பு இல்லை. கடைக்காரர் சொல்லும் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பட்டறையில் கையாளும் கணக்கு இது. கடையை விட்டு வெளியே வந்ததுமே கால் பங்கு போய்விடும். மீனவர் கையில் ஐந்து வருடம் உழைத்தால் பாதி நிற்கும். பத்து வருடத்துக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கில், 33-க்கு அருகில் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் வருடம் கூடினாலும் விலை பெரிதாக இறங்காது. பன்னிரண்டு வருட எண்டூரோவுக்கும் இருபது வருட எண்டூரோவுக்கும் நடுவில் வித்தியாசம் உடல்நிலையில்தான் இருக்கும். கீழே ஒரு தரை உண்டு. ஓடவே ஓடாது என்றாலும் கழற்றி உதிரியாக விற்கும் மதிப்பு 10 முதல் 12 வரை இருக்கும். ஆக, உங்கள் அப்பாவின் மோட்டார் 33-க்கும் 10-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும்.

சோதனைக்கு முன் கை வைக்கக் கூடாத சில உண்டு. கயிற்றை மறுபடி வேகமாக இழுக்க யாரையும் விடாதீர்கள். ஒரு வருடம் சும்மா நின்ற சிலிண்டரின் உள்சுவரில் மெல்லிய துரு படிந்திருக்கலாம். வறண்ட நிலையில் இழுத்தால் அந்தத் துரு பிஸ்டன் வளையங்களைக் கீறிவிடும். நல்ல மெக்கானிக் இரண்டு பூஜியையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு, ஒரு நாள் அப்படியே வைத்து, மறுநாள் மெதுவாகக் கயிற்றை இழுத்துச் சுற்றுவார். பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டர் துளைகளில் பிசினாக இறுகியிருக்கும். மாமா இழுத்து மோட்டார் கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். மோட்டாரின் முன்பக்கம் நிறுத்தும் பொத்தான் இருக்கும். அதில் சிவப்புக் கயிற்றோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் மாட்டியிருக்கும். ஓட்டுபவர் அந்தக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார். கடலில் தவறி விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும். அது இல்லாவிட்டால் எத்தனை தடவை இழுத்தாலும் பொறி வராது. உங்கள் படத்தில் அந்தக் கிளிப்பைக் காணவில்லை. அப்பாவின் சட்டைப்பையிலோ சாவிக்கொத்திலோ மீன் கத்தி வைக்கும் பெட்டியிலோ இருக்கும். தேடிப் பாருங்கள். மீனவர்கள் அதை மோட்டாரோடு விட்டு வர மாட்டார்கள்.

முதல் சோதனை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் உள்ளே அழுத்தம் பிடிக்கிறதா என்பது. பூஜி இருக்கும் இடத்தில் அழுத்தமானியைத் திருகி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை கயிற்றை இழுப்பார்கள். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக எண் வரும். அந்த எண் கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் நிஜத்தைச் சொல்லும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மனம் நிம்மதியாகலாம். ஒன்று 110, மற்றது 75 என்று வந்தால் வளையமோ பிஸ்டனோ போய்விட்டது. அதைத் திறந்து சரி செய்ய ஆகும் செலவு மோட்டாரின் விலையையே விழுங்கிவிடும். அப்படி வந்தால் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காமல் உதிரி விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, அடிக்கால் கியர் பெட்டியின் எண்ணெய். புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு திருகு இருக்கும். கீழ்த் திருகை மெதுவாகத் தளர்த்தி, முதலில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். எண்ணெயை விடத் தண்ணீர் கனம். ஒரு வருடமாக நிமிர்ந்தே நின்ற மோட்டாரில் தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ எண்ணெய் வந்தால் நல்லது. பால் கலந்த தேநீர் போல வந்தால் சீல் கிழிந்திருக்கிறது. திருகின் நுனியில் உலோகத் துகள் மின்னினால் பற்சக்கரமே தேய்கிறது.

சீல் கிழிய நம் லாகோனில் (பவளப்பாறைக்கு உள்ளே உள்ள ஆழமில்லாக் கடலில்) பெரும்பாலும் ஒரே காரணம்தான். மிதந்து வரும் நைலான் தூண்டில் நூல். புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு சுழற்சியிலும் சீலை அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். மோட்டார் வாங்கவோ விற்கவோ வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைக் கழற்றிப் பாருங்கள் என்றுதான்.

இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், சம்பளத்தைச் சேர்த்து வைத்து ஒரு பழைய மோட்டார் வாங்கினேன். புதிதாகப் பெயின்ட் அடித்து, ஒட்டுத்தாள் ஒட்டி, கடையில் இருந்து வந்தது போல மின்னியது. விற்றவர் ஒரு வாளித் தண்ணீரில் வைத்து ஓட்டியும் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. கியர் எண்ணெயைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் வாரம் பாறைத் தடுப்புக்கு வெளியே, அலை எழும்பும் இடத்தில், கியர் பிடிக்காமல் போய்விட்டது. துடுப்புப் போட்டு இரண்டு பேர் கரை சேர்ந்தோம். கூட வந்தவர் குடும்பஸ்தர். அன்று அவர் முகம் இருந்த நிலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், கியர் எண்ணெயில் பால் நிறம் தெரிந்தால் மறைக்காதீர்கள். வாங்குபவர் அதை நம்பித்தான் கடலுக்குப் போகப் போகிறார். விலையில் ஏழு பங்கு குறைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

அதே காரணத்துக்காக, விற்பதற்காகப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பழைய பெயின்ட் ஒரு சாட்சி. சிலிண்டர் தலைப்பக்கம் பெயின்ட் பழுப்பேறி உரிந்திருந்தால் மோட்டார் ஒரு காலத்தில் சூடேறியிருக்கிறது. உரியாமல் இருந்தால் சூடேறவில்லை. உங்கள் படத்தில் அந்த இடம் நன்றாகவே இருக்கிறது. அதை ஏன் நீங்களே மூடி மறைக்க வேண்டும்? ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், போதும்.

மூன்றாவது, தண்ணீர். நம் ஊரில் பிசெத் என்று சொல்வோமே, மோட்டார் ஓடும்போது பின்பக்கச் சிறு துளையில் இருந்து பீச்சும் தண்ணீர். அது பலமாக வந்தால் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் கடல் நீரை இழுத்து மோட்டாரைக் குளிர வைக்கிறது என்று அர்த்தம். ஒரு வருடம் அசையாமல் நின்ற இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே இறுகியிருக்கும். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதே இல்லை, மாற்றிவிட வேண்டியதுதான். பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, கால் நன்றாக முங்கும்படி நிறுத்திய பிறகே கிளப்ப வேண்டும். தண்ணீர் இல்லாமல் ‘சும்மா ஒரு நிமிஷம்’ ஓட்டிக் காட்டுகிறேன் என்று யார் வந்தாலும் தடுத்துவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் புது இம்பெல்லரும் கருகிப் போகும்.

இம்பெல்லரை மாற்ற அடிக்காலைக் கழற்ற வேண்டும். அங்கேதான் உப்பு தன் வேலையைக் காட்டும். அலுமினிய உடலில் எஃகு போல்ட் பல வருடம் கடல் நீரில் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். போல்ட் பாதியில் ஒடிந்தால் இம்பெல்லரின் விலையைப் போல மூன்று மடங்கு கூலி ஆகிவிடும். உப்பு அரிப்பைத் தாங்கிக்கொள்வதற்காகப் பொருத்தும் ஸிங்க் (துத்தநாக) கட்டி பாதி கரைந்திருப்பது படத்தில் தெரிகிறது. அது நல்ல அடையாளம். மோட்டாரின் உடலுக்குப் பதிலாக அது கரைந்திருக்கிறது. கரையாமல் புதிதாகவே இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன், அதன் மேல் பெயின்ட் அடித்து அதை வேலை செய்யவிடாமல் ஆக்கியிருப்பார்கள்.

உங்கள் ஊரைப் பற்றி ஒரு கேள்வி. 2020 ஜூலை 25-ல் வாகாஷியோ கப்பல் புவாண்ட் தெஸ்னி பவளப்பாறையில் ஏறி, ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசியத் தொடங்கியபோது, உங்கள் கரை முழுக்கக் கறுப்பானது. மாதக்கணக்கில் அங்கே மீன்பிடிக்கத் தடை இருந்தது. அந்தக் காலத்தில் அப்பா மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாரா, தண்ணீரிலேயே இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். எண்ணெய் கலந்த தண்ணீரை இழுத்திருந்தால் உள்வழிகளைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தது என்றால் அதை வாங்குபவரிடம் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அந்தக் கேள்வியை ஒருநாள் கேட்பார்.

மூன்று சோதனையும் முடிந்தால் விலையைப் போட்டுவிடலாம். உதாரணத்துக்குக் கடைக்காரர் புதுசு 90,000 ரூபாய் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்டறிந்த விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 33 பங்கு என்றால் 29,700. படத்தில் புரொப்பெல்லரின் ஓர் இதழ் பாறையில் பட்டது போல ஒடிந்திருக்கிறது, அதற்கு 4 பங்கு, 3,600 கழியுங்கள். 26,100 வருகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பூஜியும் இம்பெல்லரும் மாற்றி, கிளப்பிக் காட்டும் நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6 பங்கு, 5,400 உங்கள் கையில் இருந்து போகும். கையில் நிற்பது 20,700. கியர் எண்ணெய் பால் நிறம் என்றால் இன்னும் 6,300 குறைந்து 14,400. கம்ப்ரஷனே இல்லை என்றால், செலவு செய்யாமல், 9,000-க்கும் 10,800-க்கும் நடுவில்.

மாமாவின் 12,000 எங்கே விழுகிறது பாருங்கள். மோட்டாரின் உள்பாகம் கெட்டுவிட்டது என்றால் அவர் உங்களுக்குக் கூடுதலாகவே தருகிறார். சீல் மட்டும் கெட்டது என்றால் கொஞ்சம் குறைவு. எல்லாம் நன்றாக இருந்தால் மிகவும் குறைவு. சோதனை செய்யாமல் அவரை நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது.

எதற்குச் செலவு செய்வது, எதற்குச் செய்யக் கூடாது என்பதில் பலர் தவறுகிறார்கள். மோட்டாரைக் கிளப்பும் செலவைச் செய்யுங்கள். அது போட்டதை விடக் கூடுதலாகத் திரும்பி வரும். புரொப்பெல்லரை மாற்றாதீர்கள். மீனவர் வீட்டில் ஒரு பழைய புரொப்பெல்லர் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கியர் சீலையும் மாற்ற வேண்டாம். வாங்குபவர் தனக்குத் தெரிந்த ஆளிடம் செய்தால்தான் நம்புவார். மோட்டாரைத் தானே வாங்க நினைக்கும் மெக்கானிக்கிடம் சோதனை வேலையைக் கொடுக்காதீர்கள். வேறு ஒருவருக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லி, கம்ப்ரஷன் எண் இரண்டையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தாள், கிளம்பி ஓடும் மோட்டார், இரண்டும் சேர்ந்துதான் உங்கள் ரசீது.

இனி ஜான்சன். அண்ணனுக்கு அதன் மேல் ஆசை இருப்பதில் தப்பில்லை. சின்ன வயதில் அப்பாவோடு போன மோட்டாராக இருக்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். மோட்டாருக்கு அது பொருந்தாது. அதன் தகட்டில் மாடல் எண் ‘சிஓ’ என்று முடிவது உங்கள் படத்தில் தெரிகிறது. 1980-லிருந்து அந்த நிறுவனம் ‘இன்ட்ரொட்யூசஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து வருடத்தைக் குறித்து வந்தது. பத்து எழுத்து, ஒன்று கூடத் திரும்ப வராது. முதல் எழுத்துக்கு 1, இரண்டாவதற்கு 2 என்று போய், பத்தாவதற்குப் பூஜ்யம். ‘சி’ எட்டாவது, ‘ஓ’ ஐந்தாவது. ஆக, 1985.

ஜான்சனையும் எவின்ரூடையும் செய்துவந்த அமெரிக்க நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு பம்பார்டியர் என்ற நிறுவனம் அந்தப் பெயர்களை வாங்கி நடத்தியது. எவின்ரூட் உற்பத்தியும் 2020-ல் நின்றுவிட்டது. சில சாமான்கள் வெளிநாட்டில் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் அதற்காகக் காத்திருக்க நம் மீனவருக்கு நேரம் இல்லை. 1985 மோட்டாரைப் பணம் கொடுத்துச் சேகரிப்பவர்கள் உண்டு என்றாலும், அவர்கள் தேடுவது ஏரித் தண்ணீரில் ஓடிய, துரு ஏறாத மோட்டாரை. நாற்பது வருடம் உப்புக் காற்றில் கிடந்ததை அல்ல. ஜான்சனை விற்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். சந்தையில் அதற்குக் கிடைக்கும் பணம் அற்பம். அண்ணனுக்கு அது வேண்டும் என்றால் அவருக்கே கொடுத்துவிடுங்கள்.

அண்ணன் ரியூனியன் விலையை யூரோவில் சொன்னால் அதையும் இங்கே ஒப்பிட வேண்டாம். ரியூனியன் பிரான்சின் பகுதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் புகை விதிகள் அங்கே செல்லும். பழைய முறை டூ ஸ்ட்ரோக் மோட்டாரின் சந்தை அங்கே வேறு, நம் சந்தை வேறு.

காகித விஷயம் சுருக்கமாக. நம் தீவின் வாரிசுச் சட்டம் பிரெஞ்சுச் சட்டத்தின் வழி வந்தது. அப்பாவின் பொருளில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அதனால் அண்ணனும் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கட்டும். போனில் ஒரு செய்தி இருந்தாலும் பின்னால் மனக்கசப்பு வராது. மீனவர் சலுகையில் வாங்கிய மோட்டாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் விற்கும் முன் உங்கள் ஊர் பிஷரீஸ் போஸ்டில் (மீன்வளத் துறை அலுவலகத்தில்) ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். விற்கும்போது ஒரு தாளில் மோட்டாரின் தொடர் எண், விலை, தேதி, இரு தரப்பின் அடையாள அட்டை எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொடர் எண் படகில் மாட்டும் பிடியின் பக்கத்துத் தகட்டில் இருக்கும். மோட்டார் திருட்டு நடக்கும் கரையில் ரசீது இல்லாத மோட்டாருக்கு அந்தத் தாள்தான் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் உங்களுக்கும். அப்பா மோட்டாரோடு கடலில் இருக்கும் பழைய படம் ஒன்று இருந்தால் அதையும் காட்டுங்கள். நேர்மையான மீனவருக்கு அது போதும்.

எப்போது விற்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வலை மீன்பிடி அக்டோபர் முதல் பிப்ரவரி கடைசி வரை மூடியிருக்கும், மார்ச் 1-ல் திறக்கும். பிப்ரவரியில் மோட்டார் தேடி ஆட்கள் அலைவார்கள். ஜூலை, ஆகஸ்டில் உங்கள் கரையில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், அப்போது கையில் காசு இருக்கும் மீனவரைக் காண்பது கடினம்.

அம்மாவின் மனதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். மாமாவுக்கே கொடுக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடலில் அப்பாவுக்குத் துணை நின்றவர் அவர். ஆனால் விலை தெரியாமல் குறைத்துக் கொடுப்பது வேறு, தெரிந்து குறைத்துக் கொடுப்பது வேறு. சோதனைத் தாளை மாமாவுக்கும் காட்டுங்கள். ‘மாமா, மோட்டார் இப்போது ஓடுகிறது, சந்தையில் இதற்கு இவ்வளவு வரும், அப்பாவுக்காக உங்களுக்கு இவ்வளவுக்குத் தருகிறோம்’ என்று அம்மா வாயாலேயே சொல்லட்டும். அவர் உண்மையான தோழர் என்றால் தலை நிமிர்ந்து வாங்குவார். நீங்களும் பின்னால் கணக்குப் பார்த்துப் புழுங்க மாட்டீர்கள். குறைக்கும் தொகை எவ்வளவு என்பதில் நான் தலையிட மாட்டேன், அது உங்கள் வீட்டுக் கணக்கு. ஒரே தடவையில் முழுப் பணம் தர முடியவில்லை என்றால் இரண்டு மாதத் தவணைக்கு விட்டுக்கொடுப்பது, விலையைப் பாதியாக்குவதை விட நல்லது.

இந்த வாரம் கிளிப்பைத் தேடுங்கள், பெட்ரோலை வடிக்கச் சொல்லுங்கள், கடைக்கு ஒரு போன் செய்யுங்கள். கம்ப்ரஷன் எண் இரண்டும் வந்ததும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். கீழ்த் திருகில் இருந்து முதலில் வந்தது எண்ணெயா தண்ணீரா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அவை வந்துவிட்டால் நீங்கள் கேட்கக்கூடிய விலையை ஒரே வரியில் எழுதி அனுப்புகிறேன்.